மலிவும் மட்டமும் ஒன்றா? இறக்குமதிக் கைத்துப்பாக்கிகளின் தரம் பற்றிய நூறாண்டு விவாதம்

ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட .45 பிஸ்டல் இன்று பிலிப்பைன்ஸின் மரிகினாவிலும் துருக்கியின் டிராப்சோனிலும் தயாராகிறது. அமெரிக்கக் கடைகளில் அவற்றின் விலை ஏறத்தாழ 400 முதல் 500 டாலர். அதே வடிவத்தை அமெரிக்க நிறுவனம் செய்தால் பெரும்பாலும் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கிறது. கைவேலை மிகுந்தது என்றால் விலை இன்னும் பல மடங்கு ஏறும். அளவு, தோட்டா, இயங்கும் முறை எல்லாம் ஒன்றுதான். பிறகு எதற்காக அந்தக் கூடுதல் பணம்? குறைத்துக் கொடுப்பவர் எதைக் குறைக்கிறார்?

செருப்பு மட்டமாக இருந்தால் நஷ்டம் வாங்கியவரோடு முடிந்துவிடும். துப்பாக்கி அப்படியல்ல. சுடவேண்டிய நொடியில் சுடாமல் போகலாம். சுடக்கூடாத நொடியில் சுட்டுவிடலாம். இரண்டாவது குறைக்குப் பலியாகிறவர் அதை வாங்கியவராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. இதனால்தான் மலிவுத் துப்பாக்கியின் தரம் பற்றிய கேள்வியை வாங்குவோர், சட்டமன்றங்கள், நீதிமன்றங்கள், பொதுநல மருத்துவர்கள் என்று பலரும் கையில் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள்: பிறந்த நாடு, உலோகம், சட்டம் தரும் மதிப்பெண், சோதனைக்கூட முடிவு, விலை. அந்த அளவுகோல்களில் பல, தரத்தை அளப்பதற்காக உருவானவையே அல்ல என்பது அவற்றின் வரலாற்றைப் பார்த்தால் தெரியும்.

எய்பார் தந்த அவப்பெயர்

'அந்த நாட்டுச் சரக்கா, வேண்டாம்' என்ற மனப்போக்கின் வேர்களில் ஒன்று ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள எய்பார் நகரத்தில் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக ஆயுதத் தொழில் நடந்த ஊர் அது. முதல் உலகப் போரில் இறங்கிய பிரான்ஸிடம் போதிய கைத்துப்பாக்கிகள் இல்லை. எய்பாரின் கபிலோந்தோ இ உரெஸ்தி நிறுவனம் பிரௌனிங்கின் 1903 வடிவத்தைத் தழுவிச் செய்த 'ரூபி' பிஸ்டலை 1915இல் பிரெஞ்சு ராணுவம் வாங்கத் தொடங்கியது. மாதம் 10,000 என்று ஆரம்பித்த தேவை விரைவில் 30,000 ஆனது. ஒரு பட்டறையால் ஆகிற காரியம் இல்லை. துணை ஒப்பந்தங்கள் கைமாறின. பிறகு பிரெஞ்சுக்காரர்களே மற்றப் பட்டறைகளிடம் நேரடியாக வாங்கினார்கள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ ஐம்பது நிறுவனங்கள் ஒரே பெயரில் அறியப்பட்ட பிஸ்டலைச் செய்துகொண்டிருந்தன.

விளைவைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். ஒரு பட்டறையின் மேகசின் இன்னொரு பட்டறையின் பிஸ்டலில் சரியாக அமராது. எது எதற்குரியது என்று போர்முனையில் கண்டுபிடிக்க வசதியாகத் தயாரிப்பாளரின் அடையாள எழுத்துகளைப் பிஸ்டலிலும் மேகசினின் அடிப்பகுதியிலும் பொறித்தார்கள். தோலுறையில் உராயும்போது சேஃப்டி நெம்புகோல் தானே நகர்ந்து துப்பாக்கியைச் சுடும் நிலைக்குக் கொண்டுபோனது. அதைத் தடுக்க, நெம்புகோலுக்கு மேலே ஸ்லைடில் ஒரு சிறு குமிழைப் பொருத்தி உறையின் தோலை விலக்கி நிறுத்த வேண்டியிருந்தது. சில பட்டறைகள் எஃகைச் சரியாகப் பதப்படுத்தாததால் உள்ளே இருந்த பற்கள் சீக்கிரம் தேய்ந்தன.

இந்த அனுபவத்திலிருந்து 'ஸ்பானியத் துப்பாக்கி மட்டம்' என்ற முடிவு பிறந்து, பல பத்தாண்டுகள் நிலைத்தது. அந்த முடிவு சாட்சியங்களுக்கு ஈடுகொடுக்கவில்லை. அதே பாஸ்க் பகுதியின் ஆஸ்ட்ரா 400 பிஸ்டலை ஸ்பானிய ராணுவம் 1921இல் ஏற்றது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தன் தேவைக்காக ஆஸ்ட்ரா, ஸ்டார் பிஸ்டல்களை வாங்கியது. ரூபியில் தோற்றது அவசரமும், சிதறிய ஒப்பந்தங்களும், வந்ததை எல்லாம் வாங்கிக்கொண்ட பரிசோதனையும்தான். மண்ணிலோ தொழிலாளியின் கையிலோ குறை இருந்ததற்குச் சான்று இல்லை.

ஐரோப்பா கண்ட தீர்வு அரசு அங்கீகரித்த சோதனைச்சாலை. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வழக்கத்தைவிட அதிக அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டு, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். லண்டனிலும் லீஜிலும் இது மிகப் பழைய ஏற்பாடு. ஸ்பெயினில் 1923இல் கட்டாயமானது. 1914இல் தொடங்கிய சர்வதேச ஆணையத்தின் உறுப்பு நாடுகள் இன்றும் இதைப் பின்பற்றுகின்றன. அமெரிக்காவில் இப்படிக் கட்டாய அரசுச் சோதனை கிடையாது. 1926இல் தயாரிப்பாளர்களே அமைத்த சங்கத்தின் தன்னார்வ விதிகள்தான் உள்ளன. ஆனால் ஐரோப்பிய முத்திரைக்கும் எல்லை உண்டு. குழல் வெடிக்காது என்பதற்கு அது உத்தரவாதம். ஐந்நூறாவது தோட்டா சிக்குமா, கீழே விழுந்தால் வெடிக்குமா என்பவற்றுக்கு அதில் பதில் இல்லை.

1968: மதிப்பெண் போட்ட சட்டம்

அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, தபாலில் சுமார் 20 டாலருக்கு வாங்கிய இத்தாலிய ராணுவக் கழிவு. 1960களில் இப்படி மலிவாக வந்து குவிந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் மீதான கோபம் 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் முடிந்தது. 'விளையாட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றவை' மட்டுமே இறக்குமதியாகலாம் என்றது அச்சட்டம். கைத்துப்பாக்கிக்கு அதை எப்படித் தீர்மானிப்பது? ஒரு மதிப்பெண் அட்டவணை வந்தது. பிஸ்டலுக்குக் குறைந்தபட்ச நீள உயரம் உண்டு. அதைத் தாண்டியபின் 75 மதிப்பெண் வேண்டும். எடையில் அவுன்ஸுக்கு ஒன்று, ஃபயரிங் பின்னைப் பூட்டும் பாதுகாப்புக்குப் பத்து, திருகிச் சரிசெய்யக்கூடிய குறிமுள்ளுக்குப் பத்து என்று கணக்கு போகும்.

இந்த அட்டவணையின் பலவீனத்தை அதன் விளைவுகளே சொல்கின்றன. ஜெர்மனியின் நன்கு மதிக்கப்பட்ட வால்தர் பிபிகே உயரம் போதாமல் தோற்றது. அதே பிஸ்டலின் ஸ்லைடைச் சற்றுப் பெரிய பிபி சட்டகத்தில் ஏற்றி, பிபிகே/எஸ் என்று பெயரிட்டு அனுப்பியதும் தேறிவிட்டது. ஆஸ்திரியாவிலிருந்து வந்த குளோக், சரிசெய்யும் குறிமுள்ளோடு துறைமுகத்தில் இறங்கி மதிப்பெண் வாங்கியது. உள்ளே வந்தபின் அதைக் கழற்றிவிட்டு நிலையான குறிமுள்ளைப் பொருத்தினார்கள். அதன் சிறிய வடிவங்களின் விசையில் இன்றும் காணப்படும் வரிப்பள்ளங்கள்கூட இந்தக் கணக்குக்காக வந்தவை. ரஷ்ய மக்காரோவின் வணிக வடிவம் ராணுவ வடிவத்தில் இல்லாத சரிசெய்யும் குறிமுள்ளைத் தலையில் சுமந்து வந்தது. சேஃப்டி நெம்புகோலே இல்லாமல் வடிவமைக்கப்பட்ட டோக்கரேவுக்கு இறக்குமதிக்காக ஒரு நெம்புகோலைச் சேர்த்தார்கள். நல்ல வேலைப்பாடுள்ள ஒரு சட்டகத்தில் பிற்பாடு துளையிட்டுச் செருகிய அந்த நெம்புகோல், சில துப்பாக்கிகளில் அந்தப் பிஸ்டலின் மிக மோசமான உறுப்பாகவே அமைந்துவிட்டது.

இத்தனைக்கும் அட்டவணையின் எந்த வரியிலும் 'சுட்டுப் பார்' என்று இல்லை. ஒரு தோட்டாகூடச் சரியாகச் சுடாத பிஸ்டலும் எடையிலும் உறுப்புகளிலும் தேறிவிட முடியும்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. இச்சட்டம் இறக்குமதியை மட்டுமே தொட்டது. வெளிநாட்டுச் சிறு பிஸ்டல்கள் நின்றதும் அந்தச் சந்தையை உள்நாட்டுப் பட்டறைகள் பிடித்தன. 1970இல் தெற்குக் கலிபோர்னியாவில் தொடங்கிய ரேவன் ஆர்ம்ஸும், அதன் வழியில் லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி முளைத்த நிறுவனங்களும் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் லட்சக்கணக்கான சிறு பிஸ்டல்களை வார்த்துத் தள்ளின. பொதுநல ஆய்வாளர் கேரன் வின்ட்மியூட் 1994இல் வெளியிட்ட ஆய்வில் இவற்றுக்கு 'நெருப்பு வளையம்' என்று பெயரிட்டார். உதிரிப்பாகங்களாகக் கொண்டுவந்து உள்ளே பூட்டுவதும் நடந்தது. 1981இல் அதிபர் ரேகனைச் சுட்ட .22 ரிவால்வர், ஜெர்மன் பாகங்களைக் கொண்டு மயாமியில் பூட்டப்பட்ட வகையைச் சேர்ந்தது. ஆகவே 'மலிவு இறக்குமதி' என்று மக்கள் வாயில் வழங்கும் குற்றச்சாட்டில் ஒரு பங்கு உண்மையில் உள்நாட்டுச் சரக்கைப் பற்றியது. இந்தக் குழப்பம் விவாதத்தை இன்றும் கெடுக்கிறது.

உலோகத்தின் மீது சந்தேகம்

சில மாநிலங்கள் உலோகத்தைப் பிடித்தன. தென் கரோலினாவும் வேறு சில மாநிலங்களும் 1970களில் உருகுநிலைச் சட்டம் கொண்டுவந்தன: சட்டகம் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகினால் விற்கக்கூடாது. குறி தெளிவானது. துத்தநாகக் கலவை சுமார் 730 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே உருகும். எஃகுக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வேண்டும்.

துத்தநாகம் எஃகைவிட மென்மையானது, தேய்மானம் அதிகம் என்பதில் தகராறு இல்லை. ஆனால் தரத்துக்கும் உருகுநிலைக்கும் நேரடி உறவு இல்லை என்பதைப் பிறகு வந்த துப்பாக்கிகள் காட்டிவிட்டன. 1980களில் குளோக் கொண்டுவந்த பிளாஸ்டிக் சட்டகம் துத்தநாகத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் இளகும். உலகின் பல போலீஸ் துறைகள் அதைத்தான் ஏந்துகின்றன. மறுபக்கம், ஒஹாயோவின் ஹை-பாயிண்ட் இன்றும் துத்தநாக ஸ்லைடுதான் பயன்படுத்துகிறது. பூட்டிக்கொள்ளாத எளிய இயக்கமுறைக்கு ஸ்லைடின் கனமே தோட்டாவின் உதையைத் தாங்க வேண்டும்; அதனால் அது பருத்தும் கனத்தும் இருக்கிறது. அழகில்லை, கையில் பாரம். ஆனால் வாழ்நாள் உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். இயங்குகிறது என்று சொல்லும் வாடிக்கையாளரும் ஏராளம். பொருள் எது என்பதைவிட, அந்தப் பொருளுக்கு ஏற்ற கனமும் வடிவமும் கொடுத்தார்களா என்பதே கேள்வி.

இதே விவாதத்தின் இன்றைய வடிவம், அடித்து உருவாக்கிய எஃகா, வார்த்த எஃகா, உலோகத் தூளை அச்சில் திணித்துச் சுட்டெடுத்த உறுப்பா என்பது. பிலிப்பைன்ஸின் ஆர்ம்ஸ்கார் 'ராக் ஐலண்ட்' என்ற பெயரில் அனுப்பும் 1911 பிஸ்டல்களின் சட்டகம் வார்த்தது. குறை கூறுவோர் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அமெரிக்காவின் ரூகர் நிறுவனமும் பல பத்தாண்டுகளாக வார்ப்பைச் சிறப்பாகச் செய்கிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. சுட்டெடுத்த சிறு உறுப்புகள் விலையுயர்ந்த அமெரிக்கப் பிஸ்டல்களிலும் உண்டு. சுடும்போது தூள் உறுப்பு சுருங்கும். அந்தச் சுருக்கத்தையும் உள்ளே தங்கும் நுண்துளைகளையும் கட்டுப்படுத்தத் தெரிந்த ஆலையில் அது நல்ல உறுப்பு. தெரியாத ஆலையில் அதே முறை உடையும் உறுப்பைத் தரும். விளம்பரத் தாளில் அச்சிடப்படும் செய்முறையின் பெயரை வைத்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வழியில்லை.

தரம் யாருக்கு எதிராகப் பேசியது

மலிவுத் துப்பாக்கியைத் தடுக்கும் சட்டங்களை எதிர்ப்பவர்கள் ஒரு கசப்பான வரலாற்றை முன்வைக்கிறார்கள். 1879இல் டென்னஸி மாநிலம் ராணுவ, கடற்படை வகை ரிவால்வர்களைத் தவிர மற்றக் கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்தது. 1881இல் ஆர்கன்சாவும் அதையே செய்தது. ராணுவ ரிவால்வர் விலை கூடியது. மாஜி ராணுவ வீரர்களான வெள்ளையரிடம் ஏற்கெனவே இருந்தது. விடுதலை பெற்ற கறுப்பினத்தாருக்கும் ஏழைகளுக்கும் எட்டியது மலிவுத் துப்பாக்கி மட்டுமே. 'தரம்' என்ற சொல்லின் பின்னால் 'யாரிடம் இருக்கலாம்' என்ற கேள்வி ஒளிந்திருந்தது என்கிறது இந்த வாதம். ஆபத்து மிகுந்த வட்டாரத்தில் குறைந்த வருமானத்தில் வாழ்பவருக்கு 250 டாலர் பிஸ்டலை மறுப்பது, பாதுகாப்பைப் பணக்காரருக்கு மட்டும் ஒதுக்குவது என்று இன்றும் தொடர்கிறார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இது மலிவாக விற்பதற்கான நியாயமே தவிர, விற்கும் பொருள் சரியானது என்பதற்கான சான்று அல்ல. ஏழைக்கு ஆயுத உரிமை உண்டென்றால், கையில் வெடிக்காத ஆயுதத்துக்கும் உரிமை உண்டு. இந்த இரண்டாம் பாதியை அவ்வாதம் பெரும்பாலும் பேசுவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் பொதுநல வாதம் நிற்கிறது. மலிவான, மறைக்க எளிதான துப்பாக்கிகள் கடையிலிருந்து குற்றத்துக்குக் குறுகிய காலத்தில் போய்விடுகின்றன என்று அது சொன்னது. 1985இல் மேரிலாந்து உச்ச நீதிமன்றம், இவ்வகைத் துப்பாக்கியின் தயாரிப்பாளர் குற்றத்தில் காயம்பட்டவருக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எவை இவ்வகை என்பதற்கு அது சொன்ன அடையாளங்கள்: குட்டைக் குழல், குறைந்த எடை, மலிவு, மட்டமான பொருள், குறி தவறுதல், நம்பமுடியாமை. 1988இல் மேரிலாந்து சட்டமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, விற்கத்தக்க கைத்துப்பாக்கிகளின் பட்டியலைத் தயாரிக்க ஒரு வாரியத்தை அமைத்தது. மக்கள் வாக்கெடுப்பும் அதை ஏற்றது. கொலைகள் குறைந்தனவா என்று பிறகு ஆராய்ந்தவர்கள் ஓரளவு குறைந்ததாகக் கண்டார்கள். சட்டத்தின் விளைவு எந்த ஆண்டில் தொடங்கியதாக வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த முடிவு மாறியது.

இந்த நிலைப்பாட்டில் ஒரு முரண் இருக்கிறது. குறி தவறும், சிக்கும், உடையும் துப்பாக்கி குற்றவாளிக்கும் மட்டமான கருவிதான். அதை ஒழித்தால் அவர் நல்ல துப்பாக்கிக்கு மாறலாம். மலிவு கைக்கு எட்டுவதைப் பற்றியது; மட்டம் இயங்குவதைப் பற்றியது. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிவைத்ததால், கட்டுப்பாட்டை விரும்பியவர்களும் எதிர்த்தவர்களும் தரத்தை உண்மையில் அளக்கும் வேலையை ஒத்திப்போட முடிந்தது.

கீழே போட்டுப் பார்த்தல்

அளக்கும் வேலையை ஓரளவு நேரடியாகச் செய்தது கலிபோர்னியா. 1999இல் நிறைவேறி 2001இல் அமலான சட்டப்படி, ஒரு மாதிரியின் மூன்று துப்பாக்கிகளைச் சோதனைக்கூடம் எடுக்கும். ஒவ்வொன்றிலும் 600 தோட்டா சுடவேண்டும். முதல் இருபதில் ஒரு தடங்கலும் கூடாது. மொத்தத்தில் ஆறுக்கு மேல் கூடாது. எந்த உறுப்பிலும் ஆபத்தான விரிசல் வரக்கூடாது. பிறகு, குண்டு இல்லாமல் தீப்பற்றும் மருந்து மட்டும் வைத்த தோட்டாக்கூட்டை அறையில் ஏற்றி, ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து கான்கிரீட்டில் போடுவார்கள்: கிடையாக, தலைகீழாக, பிடி கீழே பட, குழல்வாய் கீழே பட, பக்கவாட்டில், பின்முனை கீழே பட. ஒரு தடவை வெடித்தாலும் தோல்வி.

எதற்கு இந்த அக்கறை? பிரௌனிங்கின் பழைய 1911 வடிவத்தில் ஃபயரிங் பின் ஒரு சிறு சுருள்வில்லின் பலத்தில் மட்டும் பின்தங்கி நிற்கிறது. துப்பாக்கி குழல்வாய் கீழாகக் கடினத் தரையில் விழுந்தால் சட்டகம் சட்டென நிற்கும். ஃபயரிங் பின் தன் வேகத்தில் முன்னே போய்த் தோட்டாவைத் தட்டக்கூடும். இதற்குத் தீர்வுகள் உண்டு. விசையை இழுக்கும்வரை பின்னைப் பூட்டிவைக்கும் தனி உறுப்பு ஒன்று; எடை குறைந்த டைட்டானியம் பின்னும் வலுவான வில்லும் இன்னொன்று. பழைய வடிவத்தை அப்படியே பிரதி செய்யும் மலிவு இறக்குமதிகளில் பலவற்றில் பூட்டும் உறுப்பு இல்லை. அதைக் குறையாகச் சிலர் சொல்வர். விசையின் இழுவை சுத்தமாக இருக்கும் என்று அதையே விரும்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

கீழே விழும் ஆபத்து மலிவுக்கே உரியதா? பிரேசிலின் டாரஸ் நிறுவனம் இவ்விவாதத்தில் அடிக்கடி வரும் பெயர். அதன் ஒன்பது பிஸ்டல் மாதிரிகள் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தொடுத்த குழு வழக்கில் 2015இல் சமரசம் ஏற்பட்டது. ஏறத்தாழ பத்து லட்சம் துப்பாக்கிகள் அதன் கீழ் வந்தன. நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகளில், டாரஸைவிட விலை கூடிய, அமெரிக்காவிலேயே தயாராகும், அமெரிக்க ராணுவம் 2017இல் தேர்ந்தெடுத்த வடிவத்தின் மூலமான சிக் சாவர் பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாக விழுந்தால் வெடிக்கலாம் என்று தெரியவந்தது. நிறுவனம் தன் துப்பாக்கி நடப்புத் தரநிலைகளைத் தாண்டியது என்றது. அதே சமயம் விசையின் எடையைக் குறைத்து இலவசமாக மாற்றித்தர முன்வந்தது. தரநிலைப் பட்டியலில் இல்லாத கோணத்தில் ஒரு குறை மறைந்திருக்கலாம் என்பதும், விலை அதற்குக் காப்பில்லை என்பதும் இங்கே வெளிப்பட்டன.

சோதனை முறைக்கு இதைவிட ஆழமான ஒரு சிக்கல் உண்டு. மூன்று துப்பாக்கி தேறினால் அந்த வடிவம் தேறியது என்று சொல்லலாம். அடுத்த ஆண்டு ஆலையை விட்டு வரும் முப்பதாயிரமாவது துப்பாக்கி பற்றி அது ஒன்றும் சொல்லாது. கலிபோர்னியா 2013இல் தோட்டாக்கூட்டில் அடையாளம் பதிக்கும் தொழில்நுட்பத்தைப் புதிய மாதிரிகளுக்கு நிபந்தனையாக்கியதும் பட்டியலில் புதியவை சேர்வது நின்றது. பழைய மாதிரிகள் பட்டியலில் இருக்க, மேம்பட்ட அவற்றின் வாரிசுகள் வெளியே நின்றன. அதோடு அப்பட்டியல் தரத்தின் கண்ணாடியாக இருப்பதும் குறைந்தது.

தனியார் பரிசோதனைக்கும் இதே கணக்கு பொருந்தும். 200 தோட்டா சுட்டேன், ஒரு தடங்கலும் இல்லை என்று ஒருவர் சொன்னால் அது நல்ல செய்திதான். ஆனால் புள்ளியியல்படி, அந்தத் துப்பாக்கியின் உண்மையான தடங்கல் விகிதம் 1.5 சதவீதம் வரை இருந்தாலும் அத்தகைய 200 கிடைக்கக்கூடும் என்ற அளவில்தான் அதை வாசிக்க முடியும். 1.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 67 தோட்டாவுக்கு ஒன்று. தற்காப்புக்கு அது ஏற்கத்தக்கதல்ல. கூடவே, மலிவாக வாங்கியவர் பெரும்பாலும் குறைவாகச் சுடுவார், அதிகம் கொடுத்தவர் தன் முடிவை விட்டுக்கொடுக்கத் தயங்குவார் என்ற சாத்தியங்களையும் சேர்த்தால், திருப்தியடைந்தவர்களின் எண்ணிக்கை எவ்வளவு பெருகினாலும் சான்று அதற்கேற்பக் கனப்பதில்லை.

மலிவு எங்கிருந்து வருகிறது

என் பார்வையில் இந்த விவாதத்தில் மிகக் குறைவாக ஆராயப்பட்டதும், மிகப் பயன்படக்கூடியதும் இக்கேள்வி. மலிவுக்குப் பல ஊற்றுகள் உண்டு. சில ஊற்றுகள் வாங்குபவரின் கைக்கு வரும் பொருளைத் தொடுவதே இல்லை.

வடிவமைப்புச் செலவு ஒன்று. 1911க்குக் காப்புரிமை காலாவதியாகிப் பல தலைமுறையாகிவிட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் 75 உள்நாட்டில் ரகசியக் காப்புரிமையில் வைக்கப்பட்டதால் வெளிநாட்டில் அதற்குக் காப்பே இல்லாமல் போனது. இத்தாலியிலும் துருக்கியிலும் அதன் பிரதிகள் பெருகின. இயந்திரங்கள் இன்னொன்று. பிரேசில் ராணுவத்துக்காகப் பெரெட்டா சாவ் பாவ்லோவில் நடத்திய ஆலையை 1980இல் டாரஸ் வாங்கியபோது, பெரெட்டா 92ஐச் செய்யும் கருவிகளும் கைக்கு வந்தன. துருக்கியின் கருங்கடல் கரையில் சாம்சுன், கிரேசுன், டிராப்சோன் நகரங்களின் ஆலைகள் அப்பகுதியின் பழைய துப்பாக்கிப் பட்டறை மரபின்மீது எழுந்தவை; உள்நாட்டு அரசுக் கொள்முதலும், கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்களும், மதிப்பிழந்த லிராவும் அவற்றுக்குத் துணை. இவை எதுவும் துப்பாக்கியை மட்டமாக்குவதில்லை.

பெயர் எவ்வளவு பெறும் என்பதற்கு நல்ல சாட்சி குரோவேஷியாவின் கார்லோவாட்ஸில் தயாரான எச்எஸ்2000. 2000ஆம் ஆண்டையொட்டி அது அதிகம் அறியப்படாத மலிவு இறக்குமதியாக அமெரிக்கா வந்தது. 2002இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி உரிமை வாங்கி 'எக்ஸ்டி' என்று பெயர் மாற்றி விற்றது. விலை ஏறியது, மதிப்பும் ஏறியது. ஆலையும் அடிப்படை வடிவமும் அவையேதான். அதே நிறுவனத்தின் 1911 வகைகளுக்கும் பிரேசிலின் இம்பெல் பாகங்களைத் தந்தது. 'அமெரிக்கத் துப்பாக்கி', 'இறக்குமதி' என்ற பிரிவே பல நேரங்களில் முத்திரையளவில்தான் நிற்கிறது.

கவலைப்படவேண்டிய ஊற்றுகள் வேறு: கையால் பொருத்திச் சரிபார்க்கும் நேரம், கருவிகள் தேய்ந்தவுடன் மாற்றும் ஒழுங்கு, அனுப்புமுன் சுட்டுப் பார்க்கும் எண்ணிக்கை, தள்ளுபடியாக வேண்டிய உறுப்பைத் தள்ளுபடி செய்யும் மனம். இங்கே சேமித்தால் சராசரித் துப்பாக்கி நன்றாகவே இருக்கலாம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விரியும். ஒருவர் பத்தாயிரம் சுட்டும் சிக்கவில்லை என்பதும், இன்னொருவர் பெட்டியைத் திறந்த நாளிலேயே திருப்பி அனுப்பினேன் என்பதும் ஒருசேர உண்மையாக இருக்கமுடியும். ஒரே மலிவுப் பிஸ்டலைப் பற்றி வாங்கியவர்களிடையே இவ்வளவு முரணான சாட்சியங்கள் எழுவதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. உறுதிசெய்ய ஆலைகளின் ஏடுகள் வேண்டும்.

மதிப்பு என்ற தனிக் கணக்கு

தரம் துப்பாக்கியில் இருக்கிறது. மதிப்பு அதைப் பயன்படுத்தும் விதத்திலும் இருக்கிறது. சாதாரண 9 மி.மீ. தோட்டா சமீப ஆண்டுகளில் ஏறத்தாழ 25 முதல் 30 சென்ட். ஆயிரம் தோட்டாவுக்கு 250 முதல் 300 டாலர். மலிவுப் பிஸ்டலின் விலையே அவ்வளவுதான். ஒழுங்காகப் பயிற்சி செய்பவருக்குத் துப்பாக்கியின் விலை வேறுபாடு இரண்டு ஆண்டில் தோட்டாச் செலவில் கரைந்துவிடும். பயிற்சி செய்யாதவருக்கு அந்த வேறுபாடு பெரிது. ஆனால் தன் துப்பாக்கி சிக்குமா என்று அறியும் வழியும் அவருக்கு இல்லை. நம்பத்தக்க அளவுக்குச் சுட்டுப் பார்ப்பதே மலிவின் லாபத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது.

விற்றபின் வரும் பொறுப்பும் மதிப்பின் பகுதி. இறக்குமதியான துப்பாக்கியில் இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அந்தப் பெயருக்குரிய நிறுவனம் கடையை மூடினாலோ, அரசியல் காரணத்தால் இறக்குமதி நின்றாலோ, உதிரிப்பாகமும் மேகசினும் பழுதுநீக்கும் உத்தரவாதமும் போய்விடும். சீனாவின் நோரிங்கோ பிஸ்டல்களுக்கு 1994இலும், ரஷ்யப் பிஸ்டல்களுக்கு 1996 ஒப்பந்தத்துக்குப் பிறகும் இதுதான் நடந்தது. உள்நாட்டிலும் இதே கதை உண்டு. கலிபோர்னியாவின் பிரைகோ நிறுவனம் 2003இல், தன் பிஸ்டலால் முடமான ஒருவருக்குப் பெருந்தொகை கொடுக்கவேண்டும் என்ற தீர்ப்புக்குப் பின் திவாலானது. வாழ்நாள் உத்தரவாதம் என்பது நிறுவனத்தின் வாழ்நாளையே குறிக்கும்.

தெளிவாகாதவை

நாடு, உலோகம், அட்டவணை ஆகிய மூன்றும் தரத்தின் அளவுகோலாக இனி நிற்காது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். சோதனை மட்டுமே கேள்வியை நேராகச் சந்திக்கிறது. அதுவும் வடிவத்தை அளக்கிறது, ஒவ்வொரு துப்பாக்கியையும் அல்ல. விலை ஓர் அறிகுறி. மிகக் குறைந்த விலைப்படியில் அந்த அறிகுறி பலமாகவும், நடுப்படியில் பலவீனமாகவும் இருப்பதாகத் தோன்றுகிறது. நடுப்படிக்கு மேலே கொடுக்கும் பணம் எந்த அளவுக்கு நம்பகத்தையும் எந்த அளவுக்கு மெருகையும் பெயரையும் வாங்குகிறது என்பதற்கு எவரிடமும் பொது எண் கிடையாது.

ஏன் கிடையாது என்பதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 1972இல் அமெரிக்கா நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்தபோது துப்பாக்கிகளை அதன் வரம்புக்கு வெளியே வைத்தது. பொம்மையையும் ரொட்டி வாட்டும் இயந்திரத்தையும் திரும்பப் பெற ஆணையிடும் அந்த ஆணையம், விழுந்தால் வெடிக்கும் பிஸ்டலைப் பற்றி ஒன்றும் செய்ய முடியாது. திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் விருப்பம். 2005இன் சட்டம் துப்பாக்கித் தொழிலுக்கு எதிரான பல வழக்குகளைத் தடுத்தாலும், தயாரிப்புக் குறைக்கு வழக்குத் தொடுக்கும் வழியை முழுதாக அடைக்கவில்லை. ஆகவே குறைகள் பற்றிய நம்பகமான தகவல் பெரும்பாலும் நீதிமன்ற ஆவணங்கள் வழியாகத்தான் வெளிவருகிறது. அதாவது, யாராவது அடிபட்ட பிறகு.

உத்தரவாதத்தின் பேரில் திரும்பிவந்த துப்பாக்கிகள் எத்தனை, எந்த மாதிரி, என்ன குறை என்ற ஏடு ஒவ்வொரு இறக்குமதியாளரிடமும் இருக்கும். மாதிரிக்கு இத்தனை விற்றது, இத்தனை திரும்பியது என்ற இரண்டு எண்கள் போதும். இக்கட்டுரையில் எழுந்த கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். அந்த எண்களை வெளியிட எவரையும் கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் இன்றுவரை இல்லை.